அனுப்பும் காரணம்

ஷார்ஜா, ரொல்லா. பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
எக்ஸ்சேஞ்சில் ஏழாம் கவுண்டர் என்னுடையது.
கண்ணாடியில் அரைவட்டமாய் ஓர் ஓட்டை.
அதன் வழியே காசு உள்ளே வரும், ரசீது வெளியே போகும்,
பேச்சு பாதிதான் கேட்கும்.

தலைக்கு மேலே பலகையில் இலக்கங்கள் மாறும்.
எங்கோ ஒரு நாடு சரிகிற நாளில்
என் வரிசை கதவைத் தாண்டி ஷவர்மாக் கடைவரை நிற்கும்.
மனேஜர் ரெஜி அன்றைக்கு
எல்லோருக்கும் கரக் சாயா வாங்கித் தருவார்.

இத்ரீஸ் அபக்கர் தண்ணி லொறி ஓடுகிறவர்.
மாதம் எழுநூறு திர்ஹாம். பெறுபவர் பெயர் ஹவ்வா.
பெயர் மாறவில்லை.
நகரம் என்ற கட்டத்தில் முதலில் கார்த்தூம் அடித்தேன்,
பிறகு வாத் மதனி,
பிறகு கெதாரிஃப்.
நான் சண்டைச் செய்தி பார்ப்பதில்லை.
துவக்கு எந்தத் தெருவரை வந்துவிட்டதென்று
அந்தக் கட்டமே சொல்லும்.

சாலிம் பாவஸீருக்கு ஒரே நாட்டில் இரண்டு றியால்.
முக்கல்லாவில் மனைவி, சனாவில் கட்டிக்கொடுத்த மகள்.
இங்கே செல்லும் தாள் அங்கே செல்லாது.
தாய் மகளுக்கு அனுப்பும் காசு
மலையைக் கடப்பதற்குள் பாதிக்கு மேல் தேய்ந்துவிடும்.
நேரே மகளுக்கு அனுப்புங்களேன் என்றேன்.
"அனுப்பலாம். தாய் கொடுத்ததாக இருக்காதே"
என்றார், சில்லறையைப் பொறுக்கிக்கொண்டே.

சுவர் டிவியில் சத்தமில்லாமல்
கோட் போட்ட ஒருவர் அம்புக்குறி காட்டுகிறார், மேல்நோக்கி.
போர் ஓய்ந்த நாடுகள் வேகமாக வளருமாம்.
வளரும்தான்.
கதவே இல்லாத வீட்டுக்கு ஒரு கதவு போட்டால்
அது எத்தனை சதவீதம்?
சண்டை முடிந்தபின் எங்கள் பேசாலைக்கும்
தார் றோட்டு வந்தது. அதன் மேலே லீசிங் கொம்பனிகள் வந்தன,
வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மரியாதையாக உட்கார்ந்தார்கள்.
அந்த அம்புக்குறியில் எங்கள் பிரிட்ஜும் ஒரு புள்ளி.
தவணை தவறி அதைத் தூக்கிக்கொண்டு போனபோது
யாருடைய கணக்கிலோ அதுவும் ஒரு புள்ளி.

பிறகு எங்கள் ரூபாய் விழுந்தது.
திர்ஹாமுக்கு ஐம்பத்தைந்தாக இருந்தது
தொண்ணூற்றெட்டைத் தொட்ட மாதம்
அத்தான் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு படுத்தார்.
எனக்கு அதே சம்பளம்.
அதே ஆயிரத்தில்
பாதியில் நின்ற குளியலறைக்கு மாபிள் பதித்து முடிந்தது.
வீடியோவில் காட்டினார்கள். நல்ல நீலம்.
நாடு விழட்டும் என்று நான் நினைக்கவில்லை.
ஆனால் பலகையைப் பார்த்து
இன்னும் இரண்டு நாள் பொறுப்போம், ஏறும் என்று
காசைக் கைப்பைக்குள் வைத்திருந்தவள் நான்தான்.

நேற்று இத்ரீஸ் இரண்டாயிரம் வைத்தார்.
பாதி கடன், எண்ணும்போதே சொல்லிவிட்டார்.
பெறுபவர் ஹவ்வா இல்லை;
அத்பராவில் யாரோ ஒரு டிரைவர்.
எல்லை தாண்டி அஸ்வானுக்கு நாலு பேர், இரவில்.

அனுப்பும் காரணம் என்ற இடத்தில் கீழே விரியும் பட்டியல்:
குடும்பச் செலவு, கல்வி, மருத்துவம், முதலீடு.
என்ன போடட்டும் என்று கேட்டேன்.
கேட்கவில்லை போல.
குனிந்து ஓட்டையில் காதை வைத்தார்,
காது மடலில் சிமெந்துத் தூசி.
பின்னால் யாரோ செருமினார்கள்.

முதலீடு என்று அழுத்தினேன்.
சிஸ்டம் கொஞ்சம் யோசித்து ஏற்றுக்கொண்டது.

ரசீதை நாலாக மடித்து
மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.
ஐம்பது ஃபில்ஸ் மிச்சம் என்று கூப்பிட்டேன்.
அடுத்தவர் அதற்குள் பாஸ்புக்கை நீட்டிவிட்டார்.